கம்பி கட்டிய டிரம்

அவரைத் தெருவில் எல்லோரும் நல்ல சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக அடையாள அட்டையில் இருந்தது. அதை வாசித்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை. கழிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் அவர் ஊக்குவிப்பு ஆய்வாளர். பட்டறைகளும் சிறு ஆலைகளும் கழிவு விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும்படி அவற்றை ஊக்குவிப்பது அவருடைய வேலை. அதட்டுவது கிடையாது, பூட்டுப் போடுவது கிடையாது. ஊக்குவிப்பது. அந்த வார்த்தையை அவர் உச்சரிப்பதைக் கேட்டால் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போகிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இந்த மனிதருடைய வாழ்க்கையில் சொல்வதற்கு அப்படியொன்றும் பெரிதாகக் கிடையாது. ஒரு வரி எழுதினார், அதைச் சொல்லத்தான் இத்தனையும். செத்துப்போன ஒருவர் கவனமானவரா, கவனமில்லாதவரா என்று அந்த வரி சொல்ல வேண்டியிருந்தது. செத்துப்போனவர் அவருடைய தங்கை புருஷன்.

அவருக்கு முன்னால் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்ட ஆய்வாளருக்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'பூட்டு'. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார், மூடியிருப்பதையெல்லாம் திறந்து பார்ப்பார், தப்பு கண்டால் அன்றைக்கே கதவைச் சாத்திச் சீல் வைப்பார். அவரை வேறு ஊருக்கு மாற்ற வைத்துவிட்டுத்தான் தெரு ஓய்ந்தது. அந்த நாற்காலிக்குத்தான் நம்மவர் வந்தார். வந்த புதிதில் இவரும் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தார். முதல் வாரம் ஒரு பட்டறையில் தோல்பையைத் திறந்து லிட்மஸ் தாள் ஒன்றை எடுத்துக் கழிவுநீரில் நனைத்தார். நீலத்தாள் பளிச்சென்று சிவந்தது. பட்டறைக்காரர் தாளைப் பார்க்கவே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, "சாருக்கு வீடு எந்தப் பக்கம்? பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்று ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.

அவ்வளவுதான். நல்ல சாருக்குப் புரிந்துவிட்டது. சிவந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு லிட்மஸ் கட்டு திறக்கப்படவேயில்லை. வருஷத்துக்கு ஒரு புதுக் கட்டு அலுவலகத்தில் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கித் தோல்பையின் உள்ளறையில் வைத்துக்கொள்வார். யாராவது கேட்டால், "முகத்துக்கு நேரா டெஸ்ட் பண்ணினா அவங்களை நம்பலைன்னு அர்த்தமாயிடும். நம்பிக்கைதான் முக்கியம்" என்பார். கோழை என்று அவரை யாரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். ஆனால் பயத்தை இவ்வளவு நாகரிகமாக உடுத்திக்கொண்டு நடந்த ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவருடைய முறை இதுதான். ஆய்வுக்குப் போவதற்கு முந்தின நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டறைக்குப் போன் செய்வார். "நாளைக்குக் காலையில வரேன். சும்மா பாக்கத்தான். பயப்படாதீங்க." இந்த மூன்று வாக்கியம், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. போன் வந்ததும் தெருவே சுறுசுறுப்பாகிவிடும். தரையைக் கழுவுவார்கள், தொட்டிகளைத் துடைப்பார்கள், கழுவிய பச்சைத் தண்ணீரை அப்படியே வாசல் சாக்கடையில் தள்ளுவார்கள். கழிவு விதிகளுக்குத் தயாராவதற்காகவே கழிவைத் தெருவில் விட்ட ஒரே தெரு அதுவாகத்தான் இருக்கும். மறுநாள் காலை சாக்கடை நிறம் மாறி ஓடிக்கொண்டிருக்கும். நல்ல சார் அதைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போவார்.

உள்ளே போய் ஒரு தாளை நிரப்புவார். இருபத்தைந்து கேள்வி, கேள்விக்கு இரண்டு மதிப்பெண். மூன்று ஆய்வில் முழுசாக ஐம்பது வாங்கினால் பட்டறை வாசலில் மாட்டப் பச்சைப் பலகை. தெரு முழுவதும் பலகை வாங்கிவிட்டால் அது முன்மாதிரித் தெரு. அப்படியொரு தெருவை உருவாக்கிக் காட்டுகிற ஆய்வாளருக்குத் தலைமை அலுவலகத்தில் பயிற்சிப் பிரிவில் இடம். நல்ல சாரின் தெருவில் பதினான்கு பட்டறைகள். பதின்மூன்று வாசலில் பச்சை தொங்கியது. பாக்கி ஒன்று, கதவுக் கைப்பிடிகளுக்கு முலாம் பூசுகிற பட்டறை. அதில்தான் அவருடைய தங்கை மாப்பிள்ளை வேலை பார்த்தார்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நல்ல சார்தான். மாப்பிள்ளை அதுவரை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சி வீட்டுக்காரரு. உங்களால ஏதாவது முடியுமா?" என்று காற்றுவாக்கில் ஒரு வார்த்தை போட்டார். முலாம் பட்டறை முதலாளி மறுநாளே வரச் சொல்லிவிட்டார். ஆய்வாளரின் மச்சினன் ஒருவர் பட்டறைக்குள் இருப்பது, வாசலில் இன்னொரு பலகை மாட்டினது போல. முதலாளிக்குக் கசக்குமா?

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சு குறைவு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை நகர்த்திக்கொண்டே. பூட்டின வீட்டைத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பார். "கேஸ் கம்பெனிக்காரன் கூட இத்தனை தடவை பாக்க மாட்டான்" என்று தங்கை கேலி செய்வாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் நாலாவது தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

முலாம் பட்டறையில் இரண்டு வகைக் கழிவு உண்டு. துருவும் அழுக்கும் போகக் கைப்பிடிகளை முக்கி எடுக்கிற அமிலம் ஒன்று. முலாம் ஏற்றுகிற தொட்டியிலிருந்து வருகிற சயனைடுத் தண்ணீர் இன்னொன்று. அமிலத்தைப் பின்கட்டில் இருக்கும் குழிக்குள் ஊற்றிச் சுண்ணாம்பு போட வேண்டும். சயனைடு அந்தக் குழிப் பக்கமே போகக் கூடாது. லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். இரண்டும் கலந்தால் கிளம்புகிற வாயுவுக்கு ஒரு ஆளை முடிக்க ஒரு நிமிஷம் கூட வேண்டாம். இரண்டுமே ஒரே மாதிரி நீல டிரம்மில்தான் நிற்கும். அதனால் அங்கே வேலை செய்தவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சயனைடு டிரம்மின் கழுத்தில் இரண்டு சுற்றுக் கம்பி கட்டி முறுக்கி விடுவார்கள். ஈரக் கையுறையோடு, ஆவி மண்டின இடத்தில், கண் எரிந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. டிரம்மைக் கட்டிப் பிடித்தால் கம்பி கையில் இடறும். இடறினால் விட்டுவிட வேண்டும். இதை யார் தொடங்கினார்கள் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. அங்கே ஒருவரும் செத்ததில்லை, அது மட்டும் தெரியும்.

இரண்டாவது ஆய்வின்போது நல்ல சார் கண்ணில் அந்தக் கம்பி பட்டது. "என்ன இது, கழுத்துல தூக்குக் கயிறு மாட்டினாப்ல?" என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்து விவரமாகச் சொன்னார். நல்ல சார் தாளைப் புரட்டி இருபத்து மூன்றாம் கேள்வியைக் காட்டினார். கழிவுக் கொள்கலன்களில் கயிறு, துணி, கம்பி முதலிய வெளிப்பொருள் எதுவும் கட்டப்படவில்லை. ஆம், இல்லை. "இந்தத் தடவை நான் கண்டுக்கலை. அடுத்த தடவை மேலேர்ந்து யாராவது கூட வந்தா ரெண்டு மார்க் போயிடும். எங்க ஆபீஸ்லயே அழகா லேபிள் அடிச்சுக் குடுக்குறோம். அமிலத்துக்குச் சிவப்பு, சயனைடுக்கு நீலம். ஒட்டிடுங்க, கம்பியை எடுத்துடுங்க." சொல்லிவிட்டு ஐம்பதுக்கு ஐம்பது போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், கம்பியை எடுத்துட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லேபிள் இருக்கும்ல மாப்ளே. படிக்கத் தெரியும்ல?"

"படிச்சிடுவேன். லேபிளை ஒட்டுறது குமாஸ்தாதானே. அவரு டிரம் பக்கமே வர மாட்டாரு. எதுல என்ன இருக்குன்னு அவருக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத்தானே நான் வரேன்? நான் பாத்து டிக் போட்டுட்டேன்னா அது சரியான லேபிள். கவர்ன்மெண்ட் எனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குது?"

மாப்பிள்ளை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப சரி மச்சான்" என்றார். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஆய்வுக்கு முந்தின நாள் மூன்று மணிக்குப் போன் போயிற்று. நாளைக்குக் காலையில வரேன். சும்மா பாக்கத்தான். பயப்படாதீங்க. முதலாளி எல்லா டிரம்மையும் வெளியே உருட்டச் சொன்னார், தரையைக் கழுவச் சொன்னார். குறடு கொண்டுவந்து கம்பிகளை வெட்டச் சொன்னார். கழுவி முடித்து டிரம்களை உள்ளே உருட்டி வரிசையாக நிறுத்தினபோது முன்பு எது எங்கே நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையும், கைப்பிடிகளைத் தேய்த்து மெருகேற்றுகிற பாலிஷ்காரரும் அன்று மதியமே சரக்கோடு வண்டியில் போயிருந்தார்கள். அவர்களைக் கேட்டிருக்கலாம், மறுநாள் காலை வரை பொறுத்திருக்கலாம். ஆனால் சார் வருகிறாரே! குமாஸ்தா பசை டப்பாவோடு வந்தார். ஏழு டிரம். கணக்குப்படி அமிலம் ஐந்து, சயனைடு இரண்டு. வாசலிலிருந்து ஐந்துக்குச் சிவப்பும் கடைசி இரண்டுக்கு நீலமும் ஒட்டினார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

காலையில் நல்ல சார் வந்தார். ஒரு சிவப்பு லேபிளைத் தடவிப் பார்த்தார். பசை காயாமல் விரலில் ஒட்டியது. முந்தின நாள் மூன்று மணிக்குப் பிறகு ஒட்டியது என்று அந்த விரலுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. தோல்பை தோளில்தான் தொங்கியது. உள்ளறையில் லிட்மஸ் கட்டு இருந்தது. ஏழு தாள், ஏழு டிரம், இரண்டு நிமிஷ வேலை. சயனைடுத் தண்ணீரில் சிவப்புத்தாள் நீலமாகும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் சொல்லும். அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டார். சரியா மச்சான்?

நல்ல சார் தலையசைத்தார். ஐம்பதுக்கு ஐம்பது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை குழிக்கு அமிலம் ஊற்றப் போனார். முதல் டிரம்மின் லேபிளுக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஊற்றினார். இரண்டாவதையும் அப்படியே படித்தார், ஊற்றினார். மூன்றாவதையும் படித்தார். வாசலில் நின்ற பாலிஷ்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்னப்பா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேலிகூடச் செய்தார். மூன்றாவது டிரம் பாதி சாய்வதற்குள் மாப்பிள்ளை முழங்காலிட்டார். பாலிஷ்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி, காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது. வலது கைச் சுட்டுவிரலில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. ஈர லேபிளின் சாயம்.

நல்ல சாருக்குச் செய்தி வந்தபோது அவர் பதினான்காவது பலகைக்கு எழுத்து எழுதக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அறிக்கையை அவரையே எழுதச் சொன்னார் மேலதிகாரி. அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, அனுதாபத்தோடு பேசினார்.

"செத்தது உங்க மாப்பிள்ளைன்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்டயே குடுக்கிறேன். சொந்த மச்சான் எழுதினதை யாரு சந்தேகப்படப் போறாங்க? லேபிள் தப்புன்னு எழுதினீங்கன்னா முந்தின நாள் நீங்க எதைப் பாத்தீங்கன்னு கேப்பாங்க. உங்களை மட்டும் இல்ல, கையெழுத்துப் போட்ட என்னையும் கேப்பாங்க. பதினாலு பலகையையும் கழட்டணும். யோசிச்சு எழுதுங்க. காரணம்னு ஒரு வரிதான் இருக்கு."

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனார். கூடத்தில் பிள்ளைகள் இரண்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. தங்கை அழவில்லை, அழுது முடித்திருந்தாள். அவர் எதிரில் வந்து நின்று சொன்னாள்.

"அண்ணே, தெருவுல என்னென்னவோ பேசுறாங்க. குடிச்சிட்டு ஊத்தினாருன்னு ஒருத்தன் சொல்றான். தூக்கக் கலக்கம்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு கவனமில்லாத ஆளுன்னு மட்டும் எழுதிடாத. நாளைக்கு இந்தப் பிள்ளைங்க அதைப் படிக்கும். நீ அவருகிட்ட என்ன சொன்னேன்னு நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் பாத்துக்கறேன்மா" என்றார் நல்ல சார். அவருக்கு வாயில் வந்தது அதுதான். அப்போது அதை மனதாரவே சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவரும் அதை நம்பியிருப்பார்.

மறுநாள் பட்டறைக்குப் போனார். குழியை மூடியிருந்தார்கள். மூலையில் கிடந்த குப்பைத் தகரத்தில் வெட்டின கம்பித் துண்டுகள் கிடந்தன. முறுக்கின தடம் அப்படியே தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி பக்கத்தில் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

லேபிளுக்கு முன்னால் அங்கே சரியான ஓர் அடையாளம் இருந்ததற்கும், அதை வெட்டி எறிந்ததற்கும் அந்தக் கம்பி ஒன்றுதான் சாட்சி. ஒரு கவரில் போட்டு முத்திரை வைத்துத் தோல்பைக்குள் வைத்துக்கொண்டால் முடிந்தது. லிட்மஸ் கட்டுக்குப் பக்கத்தில் இடமும் இருந்தது.

"இதெல்லாம் பொதுக் குப்பையில கிடக்கக் கூடாது" என்றார் அவர். "உலோகக் கழிவு. பச்சை டப்பாவுல போடுங்க."

குமாஸ்தா பொறுக்கிக் கொண்டுபோய்ப் போட்டார். பாலிஷ் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற பாலிஷ்காரர் இதைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கையிலிருந்த துணியைத் தரையில் விட்டெறிந்தார்.

அந்த ஒரு வரியை நல்ல சார் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினார். கையெழுத்து அவருக்கு முத்து முத்தாக இருக்கும். 'கொள்கலன்களில் விதிமுறைப்படி லேபிள்கள் ஒட்டப்பட்டிருந்தும், தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.' எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார். 'லேபிள்கள்' என்பதில் புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தார்.

அறிக்கையின் நகல் பழுப்பு உறையில் தங்கை வீட்டுக்குத் தபாலில் போயிற்று. அவள் படித்தாளா என்று தெரிந்துகொள்ளப் பயந்து அவர் பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் போனபோது அவள் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னாள். அண்ணே என்று மட்டும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து கூப்பிடவேயில்லை.

அவருக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தலைத் தீர்க்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான், யாருக்காவது நல்லவராக இருப்பது. முதலாளியிடம் போய் ஒரு வார்த்தை போட்டார். "பாவம், ரெண்டு பிள்ளைங்க. நல்லா படிப்பா, எழுதுவா. லேபிள் ஒட்டுறது, ரிஜிஸ்டர் எழுதுறது, இப்படி ஏதாவது…" முதலாளி உடனே சரி என்றார். தங்கை மாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லுவாள் என்று பயந்துகொண்டே அவளிடம் போனார். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரு வேலை பாத்த அதே இடத்துலயா?"

"ஆமாம்மா."

"வரேன்" என்றாள்.

ஊர்மெச்ச முன்மாதிரித் தெரு வந்தது. பதினான்கு பச்சைப் பலகை, மாலையில் வெயில் சாய்ந்தால் வரிசையாக மின்னும். அடுத்த வருஷ ஆய்வுக்கு நல்ல சார் தனியாக வரவில்லை. ஊக்குவிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வேறு ஊர்களிலிருந்து இரண்டு ஆய்வாளர்களை அவரோடு அனுப்பியிருந்தார்கள். பயிற்சிப் பிரிவு உத்தரவு மேலதிகாரியின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இந்தச் சுற்று பழுதில்லாமல் முடிந்தால் போதும். முந்தின நாள் மூன்று மணிக்குப் போன் செய்தாயிற்று. முலாம் பட்டறையில் போனை எடுத்தது தங்கை. அவர் மூன்று வாக்கியத்தையும் சொன்னார். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

காலையில் முதலாளியும் குமாஸ்தாவும் வாசலிலேயே காத்திருந்தார்கள். நல்ல சார் வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். "பாருங்க, நம்மளைப் பாத்து யாராவது பயப்படுறாங்களா? அதுதான் வேணும்." பின்கட்டுக்கு வந்தார்கள். ஏழு டிரம், ஏழு லேபிள். கடைசி இரண்டின் கழுத்தில் புதுக் கம்பி, இரண்டு சுற்று, இறுக்கி முறுக்கியிருந்தது. பக்கத்தில் தங்கை கையுறையோடு நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளிக்கு முகம் கறுத்தது. "நேத்தே வெட்டச் சொன்னேனே!" என்று குமாஸ்தாவைப் பார்த்தார்.

"வெட்டினாரு" என்றாள் தங்கை. "காலையில நான் மறுபடி கட்டினேன்."

நல்ல சார் சிரித்தார். பக்கத்தில் இரண்டு பேர் குறிப்பேட்டோடு நிற்கிறார்கள். "இது பழைய பழக்கம்மா. லேபிள்தான் இருக்கே, அவிழ்த்துடு."

"லேபிள் உங்க போன் வந்த பிறகு ஒட்டினது சார். உருட்டும்போது கூடவே நின்ன பாலிஷ்காரர் சொல்லித்தான் எந்த டிரம்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். லேபிள் சரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க. பையில பேப்பர் இருக்குல்ல? நனைச்சுப் பாருங்க."

"அதெல்லாம் எதுக்கு? நம்பிக்கை…"

"அப்ப பேப்பர் வேண்டாம். மூக்கு இருக்குல்ல?" தங்கை ஒரு டிரம்மின் மூடியில் கையை வைத்துத் திருகத் தொடங்கினாள். "இது அமிலம்னு சிவப்பு ஒட்டியிருக்கு. கிட்ட வந்து குனிஞ்சு பாருங்க சார். லேபிள்ல இருக்கிறதுதான் உள்ளயும் இருக்கும். ஐம்பதுக்கு ஐம்பது போட்டீங்களே!"

மூடி கால் சுற்றுத் திரும்பியது. நல்ல சார் பின்னால் நகர்ந்தார். ஒரு அடி இல்லை, இரண்டு அடி இல்லை. கதவு நிலை முதுகில் இடிக்கும் வரைக்கும் நகர்ந்தார். கைக்குட்டை எப்போது மூக்குக்குப் போயிற்று என்று அவருக்கே தெரியாது. கூட வந்த இருவரும் அவரைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். பாலிஷ் சக்கரம் நின்றிருந்தது.

"ஏன் சார் பின்னால போறீங்க?" என்றாள் தங்கை. "அவரு போகலியே. நீங்க தலையாட்டினீங்கன்னு நம்பி நின்னாரே."

மூடியைத் திருப்பி இறுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். அதற்குள் இருந்தது என்ன என்று அவளையும் பாலிஷ்காரரையும் தவிர அங்கே யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மனிதனால் செய்யக்கூடியது எத்தனையோ உண்டு. பையைத் திறந்திருக்கலாம். தங்கச்சி என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். மண்டியிட்டு அழுதிருந்தால் கூட நான் மன்னித்திருப்பேன். அவர் மதிப்பெண் தாளை எடுத்தார். கூட வந்தவர்கள் பார்க்கும்படி இருபத்து மூன்றாம் கேள்விக்குப் போனார். கழிவுக் கொள்கலன்களில் வெளிப்பொருள் எதுவும் கட்டப்படவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

இத்தனை வருஷத்தில் நல்ல சார் குறைத்த முதல் மதிப்பெண் அது. பக்கத்திலேயே 'ஊழியரின் ஒத்துழையாமை' என்று குறிப்பும் எழுதினார்.

"ஊக்குவிப்புன்னா கண்டிப்பே இல்லைன்னு நினைச்சுக்கக் கூடாது" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். இருவரும் எழுதிக்கொண்டார்கள்.

முதலாளி வாசல் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தங்கையிடம், "நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார். தங்கை ஏற்கனவே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் கதவோரம் ஒதுங்கி வழி விட்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாலிஷ்காரரிடம் மட்டும் நின்று சொன்னாள்.

"அண்ணே, வாசல்லேர்ந்து ஆறாவதும் ஏழாவதும். எண்ணி வச்சுக்கங்க. அவங்க உருட்டினா மறுபடி கட்டிடுங்க."

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் குமாஸ்தா குறடோடு வந்து இரண்டு கம்பியையும் வெட்டினார். முதலாளி அன்றே மறு ஆய்வுக்கு மனுக் கொடுத்தார். நல்ல சார் ஏழு டிரம்மையும் ஒரு தடவை எட்ட நின்று பார்த்துவிட்டு, இரண்டு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தார். பயிற்சிப் பிரிவு உத்தரவு அந்த வாரமே கையெழுத்தானது.

உத்தரவு வந்த அன்றும் மூன்று மணிக்கு அடுத்த தெருவுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. கூட வந்த இருவரும் கேட்டுக் கற்றுக்கொள்ளும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்குக் காலையில வரேன்" என்றார். "சும்மா பாக்கத்தான். பயப்படாதீங்க."